திறவுகோலும் பதிப்புரிமையும்

நன்னூலார் சொல் வழங்கும் முறையை இயல்பு வழக்கு எனவும் தகுதி வழக்கு எனவும் இருவகைப்படுத்தி, தகுதி வழக்கினுள் குழூஉக்குறியையும் அடக்கினார். ஒரு தொழிலைச் செய்யும் கூட்டத்தார் ஒரு பொருளின் வழக்கமான பெயரை ஒழித்து, வேறொரு பெயரால் தமக்குள் வழங்குவது குழூஉக்குறியாகும். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும் உரையாசிரியர் காட்டும் உதாரணங்கள். இவ்விலக்கணத்தைக் கற்கும் மாணவர் மனத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு. பொற்கொல்லரின் குறிச்சொல்லை அயலான் ஒருவன் அறிந்துகொண்டு கடைத்தெருவெங்கும் சொல்லிவிட்டால், அச்சொல் தமக்கே உரியது என்று கூறி அவனைத் தடுக்கப் பொற்கொல்லருக்குச் சட்டத்தில் இடமுண்டா?

இலக்கணம் இவ்வினாவுக்கு விடை கூறாது. ஆயின் இக்காலத்தில் இதே வினா பேருருவங் கொண்டு நீதிமன்றங்களின் வாயிலில் வந்து நின்றிருக்கின்றது. திரைப்படம், இசை, நூல் என்பவற்றைக் கணினி வழியாகவும் ஒளிவட்டு வழியாகவும் விற்போர், பணங்கொடாதார் பிரதிசெய்யாதிருக்கும் பொருட்டு, அவற்றை மறைகுறியாக்கிப் பூட்டிவிடுகின்றனர். அப்பூட்டைத் திறக்கும் திறவுகோல் ஓர் எண். அவ்வெண் எவ்வாறோ வெளியே கசிந்துவிட்டால், அதனைப் பிறர் எழுதுவதையும் அச்சிடுவதையும் பதிப்புரிமைச் சட்டங்கொண்டு தடுத்தல் இயலுமா? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். நம் கல்லூரியின் பழைய மாணவருள் சட்டம் பயின்றோரும் கணினித் துறையிற் கடமை புரிவோரும் உளர். அவர்க்கு இவை புதியன அல்ல. மொழி கற்பிக்கும் நாம், எழுத்துக்கும் உரிமைக்கும் உள்ள தொடர்பை மாணவர்க்கு விளக்கும் அளவில் அமைகின்றோம்.

திறவுகோல் யாது?

மறைவாகப் பொருளுணர்த்தும் முறை நம் மன்னார்க் கரைக்குப் புதியதன்று. சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துச்சலாபம் நடந்த நாட்களிற் பல தேசத்து வணிகர் அங்கே கூடினர். முத்து வணிகர் பலர் நடுவே அமர்ந்திருந்தும், ஒரு துணியின் கீழே கைகோத்து, விரல்களைத் தொட்டு விலைபேசி முடிப்பர். சூழ நின்றோர் துணியைக் காண்பரேயன்றித் தொகையை அறியார். இன்ன விரலை இன்னவாறு பற்றினால் இன்ன தொகை என்னும் உடன்பாடே அங்கே திறவுகோல்.

கணினியின் மறைகுறியும் இவ்வகையினதே. ஒரு நூலின் எழுத்துக்கள் யாவும் முதலில் எண்களாக மாற்றப்படுகின்றன. பின்னர்த் திறவுகோலாகிய மற்றோர் எண்ணைக்கொண்டு ஒரு கணித முறைப்படி அவை கலைக்கப்படுகின்றன. திறவுகோலைப் பெற்ற கருவி அவற்றை மீண்டும் ஒழுங்குபடுத்தும். பெறாத கருவிக்கு அவை வெறும் எண்குவியலேயாம். 1883இல் ஓகஸ்ட் கேர்க்கொவ்ஸ் என்னும் ஒல்லாந்து அறிஞர் இராணுவ மறைகுறிகளை ஆராய்ந்து, பூட்டும் முறை பகைவனுக்குத் தெரிந்துவிடினும் திறவுகோல் தெரியாதவரை செய்தி காக்கப்படுதல் வேண்டும் என்று விதி வகுத்தார். இன்றைய மறைகுறிக் கலை இவ்விதியைத் தழுவியே நடக்கின்றது. ஆகவே காவல் முழுவதும் அந்த ஓர் எண்ணிலேயே அடங்கிக் கிடக்கின்றது. அவ்வெண் வெளிப்படின், பூட்டு இருந்தும் இல்லாததாகும். பூட்டியவர் அதனைப் பிறர் வாயால் சொல்லவும் விடாது தடுக்க முற்படுவதன் காரணம் இதுவே.

பதிப்புரிமை எதனைக் காக்கும்?

இலங்கையில் பதிப்புரிமையை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். இலக்கியம், கலை, விஞ்ஞானம் ஆகிய துறைகளில் ஒருவர் தம் சொந்த அறிவால் ஆக்கிய ஆக்கத்தை இச்சட்டம் அவருடைய வாழ்நாளிலும், பொதுவாக அவர் மறைந்தபின் 70 ஆண்டுகள் வரையிலும் காக்கின்றது. அதே சட்டம், எவற்றுக்குக் காப்பு இல்லை என்பதையும் வெளிப்படையாகக் கூறுகின்றது. கருத்து, செய்முறை, ஒழுங்குமுறை, கொள்கை, கண்டுபிடிப்பு, வெறுந் தரவு என்பன ஒரு நூலினுள் எழுதப்பட்டிருப்பினும் பதிப்புரிமைக்கு உட்படா. அன்றாடச் செய்திக்கும் அவ்வாறே.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். பேசாலையில் ஒரு சம்மாட்டி பல்லாண்டு கடலோடி, மீன் மிகுதியாகக் கூடும் ஒரு பாரைக் கண்டறிந்து, அதன் இடத்தைத் தம் ஜீ.பீ.எஸ். கருவியில் எண்களாகக் குறித்து வைத்திருக்கின்றார் என்று கொள்வோம். அவ்வெண்களுக்காக அவர் பட்ட பாடு பெரிது. அவற்றால் வரும் வருவாயும் பெரிது. எனினும், அவருடைய தொழிலாளி ஒருவன் அவற்றை அறிந்து வங்காலையில் உள்ள தன் மைத்துனனுக்குச் சொன்னால், அது நம்பிக்கைத் துரோகம் ஆகலாமேயன்றிப் பதிப்புரிமை மீறல் ஆகாது. பார் இருக்கும் இடம் இயற்கையில் உள்ளது. அதனைக் குறிக்கும் எண்ணை அவர் ஆக்கவில்லை, கண்டறிந்தார். அச்சம்மாட்டியே தம் கடலோட்ட அனுபவங்களை ஒரு நூலாக எழுதுவாராயின், அந்நூலின் சொல்லமைப்புக்கு உரிமை அவருடையது. அதனுள் வரும் எண்ணுக்கு அன்று.

பிறநாட்டு நீதிமன்றங்களும் இந்நெறியையே கைக்கொண்டன. இந்திய உயர் நீதிமன்றம் 1978இல் ஆர். ஜி. ஆனந்த் என்பவரின் வழக்கில், ஒரு நாடகத்தின் கருத்தையும் கருப்பொருளையும் எவரும் தமதென்று கொள்ளல் இயலாது என்று தீர்த்தது. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1991இல், தொலைபேசி இலக்கங்களை அகரவரிசையில் அடுக்கிய பட்டியலுக்குப் பதிப்புரிமை இல்லை என்றது. உழைப்பு மட்டும் போதாது, ஆக்குவோனின் படைப்புத் திறன் சிறிதேனும் அதில் இருத்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2007இல் ஈஸ்டர்ன் புக் கொம்பனி வழக்கில் இந்திய உயர் நீதிமன்றமும் அப்பாதையில் வெகுதூரம் சென்றது.

மறைகுறித் திறவுகோலை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். அது பெரும்பாலும் இயந்திரம் யாதொரு ஒழுங்குமின்றிப் பொறுக்கியெடுத்த எண். ஒழுங்கின்மையே அதன் வலிமை. எவனும் ஊகித்தல் ஆகாது என்பதற்காகவே அதில் ஆக்குவோனின் சாயல் ஒன்றும் இல்லாதபடி பார்த்துக்கொள்கின்றனர். ஆக்கியோன் சாயல் இல்லாத ஒன்றை ஆக்கம் என்று கூறுதல் பொருந்துமா? பொருந்தாது என்பதே நம் துணிபு.

ஈண்டு ஒரு தடை எழலாம். கணினியினுள் புகுந்தபின் கம்பராமாயணமும் எண்களேயன்றோ, கணினி நிரல்களும் எண்களாயிருந்தும் பதிப்புரிமை பெறுகின்றனவே, திறவுகோலை மட்டும் விலக்குவது ஏன் என்று வினவலாம். எண் ஒரு பாத்திரம். காக்கப்படுவது அதனுள் இருக்கும் பண்டம். நிரலைக் குறிக்கும் எண்ணினுள் ஒருவர் சிந்தித்து அமைத்த அமைப்பு இருக்கின்றது. திறவுகோலினுள் அத்தகைய யாதும் இல்லை. அது திறக்கும் அறையினுள்ளே செல்வம் இருக்கலாம். அறையிலுள்ள செல்வம் சாவியைக் காவியமாக்காது.

நடந்த வழக்குகள்

இக்கேள்வி உலகறிய எழுந்தது 1999இல். டி.வி.டி. ஒளிவட்டுக்களில் விற்கப்பட்ட திரைப்படங்களைக் காத்த மறைகுறியை உடைக்கும் ஒரு சிறு நிரல் அவ்வாண்டு வெளியாயிற்று. அதனை ஆக்கியோருள் ஒருவரான யோன் லெக் யோகான்சன் என்னும் நோர்வேச் சிறுவருக்கு அப்போது வயது 15. திரைப்பட நிறுவனங்கள் அமெரிக்காவில் ஒரு சஞ்சிகையின் மீது வழக்குத் தொடுத்து, 2000ஆம் ஆண்டில் தடையுத்தரவு பெற்றன. 2001இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. நோர்வேயிலோ, யோகான்சன் மீதான குற்றவழக்கில் 2003ஆம் ஆண்டு இருமுறை அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. தாம் விலைகொடுத்து வாங்கிய வட்டைத் தாமே பார்த்தல் குற்றமன்று என்பது அத்தீர்ப்பின் அடிப்படை.

அமெரிக்கத் தடையுத்தரவுக்கு எதிராகப் பலர் செய்த செயல்கள் தமிழ் மாணவர்க்குச் சுவை தருவன. ஒருவர் அம்மறைகுறியை உடைக்கும் முறையை ஹைக்கூச் செய்யுட்களாகப் பாடினார். கணிதத்தையும் மருத்துவத்தையும் செய்யுளிற் பொதிந்து வைத்த நம் முன்னோர் இதனைக் கண்டு வியவார். மற்றொருவர் 2001இல், அந்நிரலையே தன்னுள் அடக்கிய ஒரு பெரிய பகாஎண்ணைக் கண்டுபிடித்து வெளியிட்டார். கவிதையைத் தடுப்பதா, பகாஎண்ணைத் தடுப்பதா என்பது அவர்கள் விடுத்த வினா.

2007இல் நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. உயர்தர ஒளிவட்டுக்களைக் காத்த ஏ.ஏ.சி.எஸ். என்னும் மறைகுறி முறையின் திறவுகோல் ஒன்று வெளிப்பட்டது. கணினியாளர் அதனைப் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 32 குறிகளால் எழுதினர். நாம் எண்ணும் முறையில் எழுதினால் அது 38 இலக்கமுடைய ஓர் எண். உரிமையாளர் சார்பில், அவ்வெண்ணை நீக்குமாறு பல இணையத்தளங்களுக்குச் சட்ட அறிவித்தல்கள் சென்றன. டிக் என்னும் செய்தித்தளம் முதலில் நீக்கியது. வாசகரோ மே மாதம் முதலாந் தேதி அவ்வெண்ணையே மீண்டும் மீண்டும் எழுதித் தளத்தை நிரப்பினர். முடிவில் நிருவாகிகள் இனி நீக்குவதில்லை என்று அறிவித்தனர். எண்ணைச் சட்டையில் அச்சிட்டோரும், நிறங்களாக மாற்றிக் கொடி வரைந்தோரும், இசையமைத்துப் பாடியோரும் உளர். அடக்க முனைந்ததனாலேயே அது உலகெங்கும் பரவியது. உரிமையாளர் பழைய திறவுகோலைக் கைவிட்டுப் பின்வந்த வட்டுக்களுக்கு வேறு திறவுகோலை அமைத்தனர்.

மாணவர் கையிலுள்ள கணிப்பான் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 2009இல் ரெக்சஸ் இன்ஸ்ற்றுமென்ஸ் நிறுவனத்தின் கணிப்பான்களுக்குரிய திறவுகோல்களை ஆர்வலர் சிலர் காரணிப்படுத்தல் என்னும் கணித முறையாலேயே கண்டுபிடித்தனர். அங்கே எவரும் எதனையும் களவாடவில்லை. பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரித்ததே அவர் செய்த செயல். நிறுவனம் அறிவித்தல் அனுப்பியும், சட்ட அறிஞர் எதிர்த்தபின் வழக்குத் தொடரவில்லை. 2011இல் சோனி நிறுவனத்தின் விளையாட்டுக் கருவித் திறவுகோல் வெளியாகி, அதனை வெளியிட்டவர்மேல் நிறுவனம் வழக்காடிக்கொண்டிருந்த வேளையில், அந்நிறுவனத்தின் விளம்பரக் கணக்கே அவ்வெண்ணை இன்னதென்று அறியாது மறுபடி வெளியிட்டுவிட்டது! பார்த்தால் ஒன்றும் புலப்படாத எண் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

வேலிச் சட்டம்

பதிப்புரிமை எண்ணைக் காவாது எனின், அமெரிக்க நீதிமன்றம் எதனைக்கொண்டு தடுத்தது? உலகப் புலமைச் சொத்து அமைப்பின் 1996ஆம் ஆண்டுப் பொருத்தனை, ஆக்கங்களைச் சூழ இடப்படும் தொழினுட்பப் பூட்டுக்களை உடைத்தலைத் தடுக்குமாறு நாடுகளைக் கோரியது. அதனையொட்டி அமெரிக்கா 1998இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, பூட்டை உடைத்தல் மட்டுமன்றி, உடைக்க உதவும் கருவியையோ அதன் உறுப்பையோ பிறர்க்கு அளித்தலும் குற்றம். திறவுகோலும் அத்தகைய உறுப்பே என்பது உரிமையாளரின் வாதம். பதிப்புரிமை தோட்டம் எனின், இச்சட்டம் அதனைச் சுற்றிய வேலி. வேலியை முறித்தவன் தோட்டத்துக் கனியைத் தொடாவிடினும் அங்கே குற்றவாளியாகலாம்.

இந்தியா 2012இல் தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது மிதமான வழியை மேற்கொண்டது. உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பவனுக்கே அங்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படும். முறையாகப் பெற்ற பிரதியைக்கொண்டு மறைகுறி ஆராய்ச்சி செய்தல் முதலியவற்றுக்கு விலக்கு உண்டு. நோக்கத்தை நோக்குதல் நம் நாட்டு அறநூல்களுக்கும் உடன்பாடானது.

இலங்கைச் சட்டமோ, பிரதிசெய்தலைத் தடுக்கும் பூட்டை உடைப்பதற்கென்றே அமைந்த கருவியையோ சாதனத்தையோ விற்பனைக்காகவும் வாடகைக்காகவும் உற்பத்தி செய்தலையும் இறக்குமதி செய்தலையும் தடுக்கின்றது. மறைகுறியாக்கிய ஒலி, ஒளிபரப்பை உரிமையின்றிப் பெற உதவுங் கருவிகளுக்கும் அவ்வாறே. ஓர் எண்ணைத் தாளில் அச்சிடுதல் விற்பனைக்காகக் கருவி செய்தலாகுமா? சொற்களின் நேரிய பொருளைக் கொண்டால் ஆகாது என்றே நாம் கருதுகின்றோம். சாதனம் என்னும் சொல்லை விரித்துப் பொருள்கொள்வோர் மாறுபடுதல் கூடும்.

இரகசியத்தைக் காப்பது எது?

பதிப்புரிமை காவாது என்பதனால், எந்த இரகசியத்தையும் எவரும் வெளியிடலாம் என்று மாணவர் முடிவுசெய்தல் ஆகாது. இரகசியத்துக்கு வேறு காவலர் உளர். புலமைச் சொத்துச் சட்டத்திலேயே, வெளிப்படுத்தாத வர்த்தகத் தகவலை நேர்மையற்ற முறையிற் பெறுவதற்கும் வெளியிடுவதற்கும் எதிரான பகுதி ஒன்று உண்டு. தகவல் உண்மையில் மறைவாயிருத்தலும், உரியவர் அதனை மறைவாக வைக்கத் தக்க முயற்சி செய்திருத்தலும் அதற்கு வேண்டுவன. எல்லாரும் அறிந்துவிட்ட இரகசியம் இரகசியமன்று. மேற்கூறிய டி.வி.டி. நிரல் பற்றிய மற்றொரு வழக்கில், 2004இல் கலிபோர்னியா மேன்முறையீட்டு நீதிமன்றம் இக்காரணம் பற்றியே தடையுத்தரவை நீக்கியது. மேலும், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், கணினிச் சேவையொன்றைத் திறக்கும் தகவல் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க, அதனை அனுமதியின்றி வெளியிடுவோரைத் தண்டிக்கின்றது. வங்கி ஊழியர் கடவுச்சொல்லைக் காக்கக் கடமைப்பட்டது இதனால்.

ஆசிரியராகிய நமக்கு மிக அணித்தான உதாரணம் பரீட்சை வினாத்தாள். வினாத்தாள் இலக்கிய ஆக்கம் என்னும் பெயரில் பதிப்புரிமை பெறும் என்று 1916இலேயே இங்கிலாந்து நீதிமன்றம் தீர்த்தது. ஆயினும், 2024 சனவரியில் நடந்த க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் விவசாய விஞ்ஞானத்தின் இரண்டாம் வினாத்தாள் முன்னரே வெளிப்பட்டபோது, மாணவர் வருந்தியது பதிப்புரிமை பற்றியன்று. இரவு பகலாகக் கற்றவனும் தாளை முன்னரே கண்டவனும் ஒரே தட்டில் நிற்கும் அநீதி பற்றியே வருந்தினர். அந்த அநீதிக்கு எதிராக 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் இருக்கின்றது. பரிகாரமும், அத்தாளை இரத்துச் செய்து புதிய தாளால் மீளப் பரீட்சை நடத்தியதே. கசிந்த திறவுகோலை மாற்றியது போலவே கசிந்த தாளையும் மாற்றினர். சொல்லியதைச் சொல்லாததாக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது.

நமக்கு இதனால் ஆவதென்ன?

பூட்டுக்களையெல்லாம் பதிப்புரிமை என்று அழைத்தால் வரும் தீங்கு பெரிது. பதிப்புரிமைக்கு எல்லையுண்டு, காலம் முடிந்தால் நூல் பொதுவாகும், ஆசிரியனும் ஆராய்ச்சியாளனும் நியாயமான அளவில் எடுத்தாளலாம். பூட்டுக்கு அவ்வெல்லை இல்லை. உரிமை முடிந்தபின்னும் பூட்டு திறவாது. விற்ற நிறுவனம் கடையைக் கட்டினால் நூலும் உடன் போகும். 2019இல் மைக்ரோசொவ்ற் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியபோது, வாங்கியோர் பணத்தைத் திரும்பப் பெற்றனர்; வாங்கிய நூல்களை இழந்தனர். பார்வையற்றோர் நூல்களைத் தமக்கேற்ற வடிவில் பெறுவதற்காக 2013இல் மராகேசில் ஓர் உடன்படிக்கை செய்யவேண்டி வந்தது. அதனை முதலில் ஏற்ற நாடு இந்தியா.

தமிழர்க்கு இவ்வச்சம் வெறுங் கற்பனையன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செல்லரித்த ஏடுகளைத் தேடி, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்ற முடிந்தது, எவரோ பெயரறியாத ஒருவர் முன்னர் அவற்றைப் பிரதிசெய்து வைத்தமையால். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, வேறிடத்தில் பிரதியுள்ளவை பிழைத்தன, பிரதியில்லாதவை அழிந்தன. இன்று நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களையும் பழைய கல்லூரி மலர்களையும் பூட்டின்றி மின்வடிவில் வைத்திருத்தல் இக்காரணத்தாலேயே போற்றத்தக்கது.

ஆகவே நாம் கொள்ளத்தக்க முடிவு இது. பதிப்புரிமை ஆக்கியோனின் உழைப்புக்கும் பெயருக்கும் நாம் செலுத்தும் மரியாதை. அதனைப் பேணுதல் நம் கடன். வெறும் எண்ணை அவ்வுரிமையினுள் அடக்குதல் தகாது. நம்மை நம்பி ஒப்படைத்த இரகசியத்தைக் காத்தல் நம் அறம். அது வங்கியின் கடவுச்சொல்லாயினும் சம்மாட்டியின் பாராயினும் ஒன்றே. பிறர் பூட்டிற் குறைகண்டவன் முதலில் உரியவர்க்கு அறிவித்தல் பண்பு. அறிவித்தும் கேளாராயின், உண்மையைச் சொல்லும் வாயைப் பதிப்புரிமையின் பெயரால் அடைத்தல் முறையன்று. எதனை மறைப்பது அறம், எதனைத் திறப்பது அறம் என்று பகுத்தறிதலே கல்வியின் பயன். நம் கல்லூரி மாணவர் அப்பகுத்தறிவைப் பெற்று வாழ்க.